பகுதியில் முழுமை அடங்குமோ?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம்மவர் அடுப்படியிற் கண்ட அளவையியல். பகுதியைக் கண்டு முழுமையைத் தீர்மானிக்கும் இம்முறை எப்பொழுது நியாயமாகும், எப்பொழுது அநியாயமாகும்? மெய்யியல் வகுப்பிற் பழகிப்போன இவ்வினாவை, கலைப்பீடத்தவனாகிய நான் இலத்திரன்கள் பற்றிய பௌதிகக் கொள்கையொன்றிலே மீண்டும் சந்திக்க நேர்ந்தது.

நீர் மூலக்கூறொன்றிலே பத்து இலத்திரன்கள் உள. ஒவ்வொன்றின் இடத்தைக் குறிக்கவும் மூன்று ஆள்கூறுகள் வேண்டுமாதலின், அவற்றின் கூட்டுநிலையைக் கூறும் அலைச்சார்பு முப்பது ஆள்கூறுகளில் விரிகின்றது. ஆள்கூறொன்றுக்குப் பத்துப் புள்ளிகள் மட்டும் எடுப்பினும், ஒன்றின்பின் முப்பது பூச்சியங்கள் இட்ட தொகையான எண்களை எழுதிவைத்தல் வேண்டும். எவராலும் இயலாத காரியம். 1964 இல் ஹோஹன்பேர்க், கோன் என்னும் இருவர் வேறொரு வழி காட்டினர். வெளியின் ஒவ்வொரு புள்ளியிலும் இலத்திரன்கள் எவ்வளவு செறிந்துள்ளன என்னும் அடர்த்தி ஒன்றே போதும். மிகத் தாழ்ந்த சக்திநிலையிலுள்ள தொகுதியின் இயல்புகள் யாவும் அதனாலேயே நிர்ணயமாகின்றன என்று அவர்கள் நிறுவினர். மேற்கூறிய கணக்கில் அதற்கு ஆயிரம் எண்கள் போதும். கோன் 1998 இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆயின் இது தனித்து நிற்கும் தொகுதியின் கதை. இரு உலோக முனைகளுக்கிடையே மின்னோட்டம் கடத்தும் மூலக்கூறு அவ்வாறு தனித்து நிற்பதில்லை. இலத்திரன்கள் வருகின்றன, போகின்றன. அதற்கு உரியவை எத்தனை என்னும் கேள்விக்கே முழுவெண்ணில் விடையில்லை. இத்தகைய திறந்த தொகுதிகளுக்கு 2007 இல் ஹொங்கொங்கில் சென் என்பாரின் குழுவினர் இக்கொள்கையை விரித்தனர். அடர்த்தியானது முறிவின்றி இழைந்து செல்லும் ஒருவகைச் சார்பாயின், அதன் சிறு துண்டொன்றே எஞ்சிய அனைத்தையும் கட்டுப்படுத்தும். எனவே உலோக முனைகளின் செல்வாக்கும் மூலக்கூற்றினுள் உள்ள அடர்த்தியிலேயே பொதிந்திருக்கும் என்பது அவர்தம் வாதம்.

அண்டமும் பிண்டமும் ஒன்றென்று நம் முன்னோர் அன்றே கூறினர் எனச் சிலர் இவ்விடத்தில் எழுந்துவிடக்கூடும். சற்றுப் பொறுக்க வேண்டும். பிரபஞ்சம் முழுவதையும் தன்னுள் பிரதிபலிக்கும் ஒற்றைப்பொருள்களைப் பற்றி லைப்னிட்ஸும் 1714 இல் எழுதினார். அப்பிரதிபலிப்பின் பெரும்பகுதி தெளிவற்றது என்பதையும் அவர் மறைக்கவில்லை. இங்கும் நிலைமை அதுவே. துண்டிலே நேரும் மிகச் சிறிய பிழை, அதனைக்கொண்டு வெளிப்புறத்தை ஊகிக்கும்போது கட்டுக்கடங்காது பெருகும். நிர்ணயமாகியிருத்தல் வேறு, அறியப்படுதல் வேறு. அதனாற் கணிப்போர், எல்லாச் சக்திகளிலும் உலோகமுனை ஒரே தன்மையாகவே நடந்துகொள்ளும் என்பது போன்ற எடுகோள்களை வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்க்கின்றனர். தேற்றம் தேவையற்றதாக்கிய சூழல், கணிப்பிலே அனுமானமாகத் திரும்பி வருகின்றது.

இதிற் குற்றமில்லை. அனுமானத்தை அறிவு என்று அழைக்கும்போதே குற்றம் பிறக்கின்றது. மூன்று மணிநேரத்தில் ஒருவன் எழுதிய விடைத்தாளை எண்ணிப் பார்க்கின்றேன். அவன் படித்த பாடசாலை, வீட்டு விளக்கு, முதல்நாள் இரவின் பசி யாவும் அவ்வெழுத்திலே எங்கோ பதிந்திருக்கலாம். அவற்றை வாசிப்பவர் யார்? திருத்துபவரும் மாணவனின் சூழலைத் தாமே அனுமானித்துக்கொண்டுதான் அவன் ‘தகுதி’க்குப் புள்ளியிடுகின்றார். பௌதிகவியலாளர் தமது எடுகோளைக் கட்டுரையில் எழுதிவைப்பதால் அதனை மறுப்போர் மறுக்கலாம். எமது விடைத்தாள்களில் புள்ளிக்கு மட்டுமே கட்டம் உண்டு.