ஊசியில் ஏது உயர்வு தாழ்வு?

செங்கற்பட்டில் நம்மிடம் பயிலும் மாணவி ஒருத்தி, ஆடை வடிவமைப்புப் படிக்க விழைகிறாள். அவள் தாயார் தாம்பரம் ஏற்றுமதி மண்டலத்தில் சட்டைக் காலர் தைப்பவர். "தையற்காரி மகளுக்குத் தையல்தானே!" என்று உற்றார் நகைத்தனராம்.

நகைக்கட்டும்! 1953இல் வந்த குலக்கல்வித் திட்டம் 1954இலேயே மாண்ட நாடு இது. தந்தையிடமிருந்து தனயனுக்கே சென்ற சிற்றுளியை, மாமல்லபுரத்தில் 1957இல் அரசு தொடங்கிய பயிற்சிக்கூடம், இன்றைய கல்லூரி, கற்க வருவோர் கையில் தருகிறதே! ஊசிக்கும் வழியுண்டு. தரமணியில் 1995 முதல் இயங்கும் 'நிஃப்ட்' கழகத்தில், நுழைவுத் தேர்வில் வென்று, நான்காண்டு பயின்று, பட்டம் பெறலாம். கட்டணமோ இலட்சக் கணக்கில்! அந்த மலையை ஏழை எவ்வாறு ஏறுவது என்பது தனி வழக்கு.

இவற்றை எடுத்துரைத்த நாம், ஆர்வத்தில் ஒன்று கூட்டினோம்: "படித்துவிட்டால், அம்மாபோல் இயந்திரத்தின்முன் குனிய வேண்டாம்."

"அம்மா செய்வது இழிவா, ஐயா?" என்றாள்.

சுருக்கென்றது. சாதி ஒழியப் பேசும் நாவிலே, தொழிலைத் தரம்பிரிக்கும் பழைய நஞ்சு! தாளில் தீட்டிய கோடு சட்டையாவது எவரால்? காலர் வளைவு ஒரு நூல் பிசகினாலும் சட்டை கழிக்கப்படும். வரைந்தவர் பெயர் கழுத்துப்பட்டியில் மின்னலாம். தைத்தவர் பெயர் எங்கே? முதுகு வலிப்பது உண்மை. இழிவு அந்த முதுகில் இல்லை, அதற்கு அளக்கும் கூலியில் இருக்கிறது.

மறுநாள், "நாம் சொன்னது தவறு. காலர் வெட்டும் கணக்கை அம்மாவிடம் கேட்டு வா" என்றோம். (குலக்கல்வி அன்று இது, அவளே விரும்பிக் கேட்பது!) கேட்டு வந்தாள். கரும்பலகையில் வரைந்து நமக்கும் விளக்கினாள். பாதிதான் புரிந்தது.