கீரை தருவதும் தராததும்

திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையைப் பழைய ஆட்கள் இன்னும் கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள். 1931-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் அங்கே வேலை பார்த்தார். அதற்கு முன் பம்பாய், குன்னூர். எங்கு போனாலும் அவருக்கு ஒரே கேள்வி: கர்ப்பிணிகள் ஏன் இப்படி வெளுத்துப்போய்ச் சாகிறார்கள்?

பம்பாயில் அவர் பார்த்தவர்கள் துணி ஆலைகளில் உழைத்த பெண்கள். அவர்களுடைய ரத்தச் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவுக்கு மீறிப் பருத்திருந்தன. கிருமியைத் தேடினார், அகப்படவில்லை. பிறகு அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். யாருடைய சாப்பாடு மிக ஏழ்மையானதோ அவர்களிடமே நோயும் மிகுதி. மலிவான ஈஸ்ட் சாறான மார்மைட்டைக் கொடுத்தார். தேறினார்கள். அதில் எது குணமாக்கியது என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1941-ல் அமெரிக்காவில் நாலு டன் பசலைக்கீரையிலிருந்து பிரித்தெடுத்தபோதுதான் அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயர் வந்தது.

பெயர் தெரியும்வரை காத்திராமல் அந்தப் பெண்களுக்கு அவர் கொடுத்தாரே, அதை நினைக்கும்போதெல்லாம் நன்றி சொல்லத் தோன்றுகிறது.

*

குழந்தையின் மூளையும் தண்டுவடமுமாக வளரும் நரம்புக்குழாய் சரியாக மூடவும் இந்த ஃபோலிக் அமிலம் வேண்டும். கரு உண்டாகி 28 நாளுக்குள் அது மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போனதைப் பல பெண்கள் அப்போதுதான் கவனித்திருப்பார்கள். அதனால்தான் பிள்ளைக்கு ஆசைப்படும்போதே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுக்கச் சொல்கிறார்கள். கீரையும் பயறும் அதற்குத் துணை.

*

முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள், நிலக்கடலை, முளைகட்டிய பயறு. இவற்றின் மேல் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. ஆனால் செடியில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் எளிதில் சேராது. கீரைச் சோற்றில் எலுமிச்சை பிழிந்தால் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும். ஊறவைப்பதும் முளைகட்டுவதும் மாவைப் புளிக்கவைப்பதும் அந்தச் சத்தை அவிழ்த்துக் கொடுக்கின்றன. நம் சமையலறைக்கு இதெல்லாம் பழக்கம்தான்.

எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தோடு உட்காரும் மருமகளுக்கு இந்தப் பட்டியலால் என்ன பயன்? முதல் தட்டு அவளுக்கு வர வேண்டும்.

*

செடி தராத ஒன்று வைட்டமின் பி12. பால், தயிர், முட்டையில் உண்டு. அவற்றையும் விட்டவர்கள் மாத்திரையாகவோ அது சேர்த்த உணவாகவோ எடுத்தே ஆக வேண்டும். இதில் சமாதானம் சொல்ல இடமே இல்லை. தாயிடம் குறைந்தால் தாய்ப்பாலிலும் குறைகிறது. நன்றாக இருந்த குழந்தை சில மாதங்களில் சிரிப்பை மறந்து, தலை நிற்காமல், கை நடுங்கத் தொடங்கும். நம் குழந்தை மருத்துவர்கள் இதை அறிவார்கள்.

புனேயில் மருத்துவ ஆய்வாளர் யாஜ்னிக்கின் குழுவினர் 1993 முதல் தாய்களையும் பிள்ளைகளையும் தொடர்ந்து கவனித்தார்கள். ஃபோலேட் மிகுந்து பி12 குறைந்த தாய்களின் பிள்ளைகளுக்கு ஆறு வயதிலேயே இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காத தன்மை கூடுதலாக இருந்தது. ஒன்றை மட்டும் கொடுத்து மற்றதை மறக்கக் கூடாது.

அரசு கர்ப்பிணிகளுக்கு 180 நாள் கொடுக்கும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. பி12 இல்லை. பால்கூடத் தொடாத பெண் முதல் பரிசோதனையிலேயே அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.