விடுவித்தலும் அருளாமோ?

பற்றிய உயிரை மீண்டும் விட்டுவிடுவது அருட்செயல் என்றே நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தை அசைத்தது இமயச் சாரலில் கழிந்த ஒரு பகற்பொழுது.

இமாசலத்தின் குல்லு மாவட்டத்தில் பாயும் தீர்த்தன் ஆறு, லார்ஜி என்னுமிடத்தில் பியாஸ் ஆற்றோடு கலக்கின்றது. தில்லியில் நம்மோடு பல்லாண்டு பணியாற்றி, ஓய்வுபெற்றபின் சொந்த ஊருக்கே மீண்டுவிட்ட நண்பர் ஒருவர் அவ்வாற்றங்கரையில் வாழ்கிறார். பங்குனியில் அவரைக் காணச் சென்றோம். சமவெளியில் ஹோலி முடிந்து வசந்தம் வந்துவிட்டது. மலையிலோ, பனிமுகட்டிலிருந்து இறங்கிய காற்று கம்பளியையும் ஊடுருவியது. மீன்கள் முட்டையிடும் பருவமென்று நவம்பர் முதல் பிப்ரவரி இறுதிவரை அங்கே தூண்டிலிடத் தடை உண்டு. தடை நீங்கிய நாட்களாதலின், நண்பர் உரிமச் சீட்டு இரண்டு வாங்கி வைத்திருந்தார்.

நாம் புலால் உண்ணாத குடும்பத்தினர். எனவே, பிடிக்கும் மீனை ஆற்றிலேயே விட்டுவிடுவது என்னும் உடன்பாட்டின் மேல்தான் தூண்டிற்கோலைத் தொட்டோம். நண்பர் மறுக்கவில்லை; புன்னகை மட்டும் செய்தார்.

காலை முழுதும் காற்றே வென்றது. எறிந்த தூண்டில் கரைப்புதரில் சிக்கியது, விரல்கள் மரத்தன. உச்சிப்பொழுது கடந்தபின், பாறையொன்றன் அருகே நரம்பு வெடுக்கென இழுபட்டது. அவ்விழுப்பு உள்ளங்கையில் ஏறியபோது நாம் அடைந்த களிப்பை மறைப்பது பொய்யாகும். இழுத்தும் தளர்த்தியும் நெடுநேரம் போராடிக் கரைசேர்த்தோம். பொன்னிற மேனியில் செம்புள்ளியும் கரும்புள்ளியும் கொண்ட டிரவுட் மீன். உலர்ந்த கையால் ஏந்தி வியந்து, புகைப்படமும் எடுத்துக்கொண்டு, அதன் பின்னரே நீரில் விட்டோம். ‘போய் வாழ்’ என்று வாழ்த்தவும் செய்தோம்.

மீன் ஒருக்களித்துச் சாய்ந்து, வெண்வயிறு தெரிய நீரோட்டத்தில் உருண்டது. நண்பர் பனியுருகிய நீரில் முழங்கால் அளவு இறங்கி, அதன் தலையை ஓட்டத்திற்கு எதிராகத் திருப்பி, செவுள்வழி நீர் பாயுமாறு தாங்கி நின்றார். பயனில்லை. ஒரு கல்லால் அடித்து அதன் வேதனையை முடித்தார். களைத்த மீனுக்கு நீர்க்கு வெளியே கழியும் ஒவ்வொரு கணமும் மூச்சடைப்பென்றும், உலர்ந்த கை அதன் மேனியைக் காக்கும் வழுவழுப்பான படலத்தை உரித்துவிடும் என்றும் பொறுமையாக எடுத்துரைத்தார். பிறகு கேட்டார்: “நான் பசிக்குக் கொல்கிறேன், அந்தப் பாவத்தை என் பெயரில் எழுதிக்கொள்கிறேன். நீங்கள் இதை யார் பெயரில் எழுதுவீர்கள்?”

நம்மிடம் விடையில்லை. இம்மீனினமே அம்மலைக்கு உரியதன்று. 1900-ஆம் ஆண்டளவில் ஸ்காட்லாந்திலிருந்து காஷ்மீருக்கும், 1909-இல் அங்கிருந்து குல்லுவுக்கும், ஆங்கிலேயரின் தூண்டில் விளையாட்டிற்காகக் கொண்டுவரப்பட்டது. விளையாட்டிற்கென்றே குடியேற்றப்பட்ட உயிருக்கு, விளையாடி முடித்தபின் விடுதலை அளித்ததாக நாம் பெருமை கொண்டிருந்தோம்!

முறையறிந்து விடுவோர் கையில் மீன்கள் பல பிழைக்கின்றன. ஆற்றின் வளமும் காக்கப்படுகின்றது. இதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் அது வளம் பேணும் நெறி, அருள் வேறு. தன் இன்பத்திற்காகத் துன்பத்தை உண்டாக்கிப் பின்னர் அதனை நீக்குவது, கடனைத் திருப்புவதேயன்றிக் கொடையாகாது. அக்கடனையும் அன்று நம்மால் தீர்க்க இயலவில்லை.

அன்றிரவு நண்பர் வீட்டில் அம்மீன் உணவாயிற்று. நாம் உண்ணவில்லை, உண்ணாமையால் தூயவர் ஆனோம் என்ற எண்ணமும் எழவில்லை.

சங்கத்துப் போட்டிகளில் நம் குழந்தைகள் குறளை ஒப்பிக்கக் கேட்டு மகிழ்கின்றோம். கொல்லாமை 33-ஆம் அதிகாரம். அதற்கு முன்னே, 32-ஆவதாக நிற்பது இன்னாசெய்யாமை. இவ்வரிசையைப் பன்முறை படித்திருந்தும், அதன் பொருள் அக்கரையில்தான் விளங்கியது. கொல்லவில்லை என்று சொல்லுமுன், நோவு செய்யவில்லை என்று சொல்லக்கூடியவராதல் வேண்டும்.

தில்லி திரும்பியதும் பேரன் ஓடிவந்து, “தாத்தா, எத்தனை மீன் பிடித்தீர்கள்? எல்லாவற்றையும் விட்டுவிட்டீர்களா?” என்று கேட்டான்.

“ஒன்றுதான் பிடித்தோம். அதைக் கொன்றுவிட்டோம்” என்றோம்.