அளப்பது அறிவையா, மொழியையா?

கோணிய கோல்கொண்டு நிலத்தை அளந்துவிட்டு, நிலம் குறைகிறதென உழவன்மீது பழி சுமத்துவது முறையாகுமா?

1976-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் மார்ட்டனும் சேல்யோவும் மாணவர் கற்கும் வகை இரண்டெனக் காட்டினர். பொருளைத் தேடி ஆழ்ந்து கற்பது ஒன்று. சொல்லை மட்டும் பற்றிக்கொண்டு மேலோட்டமாய்க் கற்பது மற்றொன்று. இதை அளந்திட, பிக்ஸ் என்பாரும் உடனாய்வோர் இருவரும் 2001-இல் 20 கூற்றுகள் கொண்ட வினாத்தாளைத் திருத்தி அமைத்தனர். அக்கோல் பிறந்தது ஆங்கிலத்தில்!

எகிப்திலும் வளைகுடா நாடுகளிலும் மாணவன் வீட்டில் பேசுவது அரபு. மருத்துவம் பயில்வதோ ஆங்கிலத்தில். அவனிடம் ஆங்கில வினாத்தாளை நீட்டி, எண்களைக் கூட்டி, "இவன் உருப்போடுபவன்" என முத்திரை குத்தினால், அளக்கப்பட்டது அவன் கற்கும் முறையா, அவனது ஆங்கிலமா? டமாஸ்கசிலே 1919 முதல் மருத்துவம் அரபியிலேயே கற்பிக்கப்படுகிறது. குறை அரபிக்கு இல்லை.

அரபியில் பெயர்த்துவிட்டால் போதுமோ? போதாது! பெயர்த்ததை, மூலத்தைக் காணாத மற்றொருவர் மீண்டும் ஆங்கிலமாக்கிட வேண்டும். இரண்டும் ஒத்திட வேண்டும். இருமொழியும் அறிந்த மாணவரிடம் இரு தாள்களையும் தந்து, விடைகள் மாறுகின்றனவா எனக் காணவேண்டும். சொல் பெயர்ந்தாலும் மதிப்புப் பெயர்வதில்லை. குர்ஆனை மனனம் செய்வோரைப் போற்றும் சமுதாயத்திலே, மனப்பாடம் என்பது வசைச்சொல்லா? மனனம் செய்தவன் பொருளுணராதவன்தானா?

எண்ணைக் கண்டதும் தலைவணங்குவது பகுத்தறிவாகாது, தோழர்களே! ஒரு மாணவனின் எதிர்காலத்துக்குத் தீர்ப்பு எழுதுமுன், எம்மொழியில் செய்த தராசு இது என்று கேளுங்கள். கேள்வி கேட்பதே நீதியின் முதற்படி!