அழகைக் கண்டவரின் கடன்

ஆறுதலாகப் பயணம் செய்வது நல்லதுதான். ஆனால் ஆறுதலாகப் போகிறவர் எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறாரா?

ஊவாவிலே பெரகலையிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் பாதையை எடுத்துக்கொள்வோம். கொஸ்லந்தையைத் தாண்டியதும் 220 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது தியலும நீர்வீழ்ச்சி. குடும்பங்கள் வண்டியை நிறுத்தி, சோற்றுப் பொதியைப் பிரித்து, படமும் எடுத்துக்கொண்டு புறப்படுகின்றன. இதில் குற்றமில்லை.

அதே கொஸ்லந்தைக்கு அருகில்தான் மீரியபெத்தைத் தோட்டமும் இருக்கிறது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை அங்கே மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்ததால் உயிர் தப்பிய பிள்ளைகள் சிலர் பெற்றோரை இழந்தனர். அருவியை நிரப்புகிற மழைதானே மலையின் மண்ணையும் இளக்குகிறது!

அப்படியானால் அழகை ரசிப்பது பிழையா? இல்லை. அந்த அழகின் அடியில் குடியிருப்பவர் மழை இரவில் நிம்மதியாகத் தூங்குகிறாரா என்று கேளாதிருப்பதே பிழை. ரசித்தவருக்கு அந்தக் கடன் உண்டு.

அடுத்த முறை அவ்வழியே போகும்போது பிள்ளைகளுக்கு அருவியைக் காட்டுங்கள். மீரியபெத்தையின் கதையையும் சொல்லுங்கள். தோட்ட மக்களோடு இரண்டு வார்த்தை பேசுங்கள். பாதுகாப்பான காணியும் வீடும் வேண்டுமென்று அவர்கள் கேட்கும்போது, 'அது அவர்கள் பாடு' என்று சொல்ல நமக்கு வாய் வராது.