கழிக்கத் துணிந்தால் ஜெயிக்கலாம்!

“பழைய லேப்டாப், ரெண்டே ஜிபி ரேம். இதை வச்சுக்கிட்டு நான் என்னத்தச் சாதிக்கிறது?” என்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறாயா? எழுந்திரு தோழா! புலம்பிப் புலம்பி ஒரு எம்பி ரேமைக்கூட யாரும் கூட்டியதில்லை.

1995-ல் புரோகிராமர் புரூஸ் பெரென்ஸுக்குக் கிடைத்த இடம் எவ்வளவு தெரியுமா? ஒரே ஒரு ஃபிளாப்பி. 1.44 எம்பி! இன்று உன் மொபைலில் எடுக்கும் ஒரு போட்டோவுக்கே அது பத்தாது. டெபியன் லினக்ஸை நிறுவவும், படுத்துவிட்ட கணினியை எழுப்பவும் வேண்டிய கருவிகள் அத்தனையும் அதற்குள் அடங்க வேண்டும். பெரிய டிஸ்க் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. கட்டளைக்கு ஒரு புரோகிராம் என்ற வழக்கத்தையே தூக்கிப் போட்டார். பிறந்தது பிஸிபாக்ஸ். ‘எல்எஸ்’ என்று கூப்பிட்டால் கோப்புகளைப் பட்டியல் போடும். ‘சிபி’ என்று கூப்பிட்டால் நகலெடுக்கும். புரோகிராம் ஒன்றுதான், எந்தப் பெயரில் அழைக்கிறாயோ அந்த வேலை! ஃபிளாப்பிக்காக எழுதியது இன்று ரவுட்டர்களில் ஓடுகிறது. ஆல்பைன் லினக்ஸுக்கு அடித்தளமாக நிற்கிறது.

இன்னொரு புரோகிராமர் ஜான் ஆண்ட்ரூஸ் என்ன செய்தார்? தான் உருவாக்கும் லினக்ஸ் விசிட்டிங் கார்டு அளவு சிடியில் அடங்க வேண்டும், 50 எம்பியைத் தாண்டக் கூடாது என்று முதலில் கோட்டைக் கிழித்தார். பிறகுதான் கருவிகளைப் பொறுக்கினார். பிரவுசர், மெயில், கணக்குத்தாள், பாட்டு, பிடிஎஃப் எல்லாம் அதற்குள் வந்து உட்கார்ந்தன. அதுதான் டேம் ஸ்மால் லினக்ஸ்.

நீயும் கோட்டைக் கிழி! உள்ளே வர நினைக்கும் ஒவ்வொரு கருவியையும் வாசலிலேயே நிறுத்திக் கேள்: உன்னால் எனக்கு அன்றாடம் ஆகும் வேலை என்ன? அதைச் செய்ய ஏற்கெனவே உள்ளே ஆள் இருக்கிறதா? உன் பின்னால் எத்தனை லைப்ரரிகள் மூட்டை கட்டிக்கொண்டு வருகின்றன? மூன்றுக்கும் நேரான பதில் இல்லையா, வெளியே அனுப்பு! நாலு விண்டோ திறக்கவும் மூடவும் ஜேடபிள்யூஎம் என்ற விண்டோ மேனேஜர் போதும். கான்ஃபிக் கோப்பில் இரண்டு வரி திருத்த நானோ எடிட்டர் போதும்.

இளைத்திருக்கிறது என்பதற்காக மட்டும் எதையும் உள்ளே விடாதே. டில்லோ பிரவுசர் இறகு மாதிரி லேசானதுதான். ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் ஓடாது. நெட் பேங்கிங் பக்கத்தில் கையை விரித்துவிடும். அந்த வேலை உனக்கு அன்றாடம் உண்டென்றால் ஃபயர்ஃபாக்ஸை வை, கூச்சப்படாதே! அதற்கான இடத்தை வேறெங்காவது வெட்டு. எதற்கு எடை கொடுப்பது என்று முடிவு செய்கிறவன் நீ. ஊரார் பட்டியல் அல்ல.

பயப்படாதே. தப்பாக நீக்கிவிட்டால் என்ன, மறுபடி நிறுவிக்கொள்ளலாம். உன் கோப்புகளுக்குப் பென்டிரைவில் ஒரு நகல் எடுத்து வை. இன்றைக்கே டெர்மினலைத் திற. உனக்கு உதவாத முதல் பேக்கேஜின் பெயரை டைப் செய். நீக்கு! உன் இயந்திரத்துக்கு நீதான் எஜமான்!