அருவருப்பு அருளாகுமோ?

மருத்துவநூல் பயிலப் புகுவோர், உயிர்நீங்கிய மக்களுடம்பை அறுத்து, தசை, நரம்பு, குருதிக்குழல் முதலியவற்றின் கிடக்கையை நேரிற் கண்டு கற்றல் வேண்டும். அவ்வறையில் முதன்முறை கால்வைக்கும் மாணாக்கன் உள்ளங் கலங்குதல் இயல்பே. சின்னாட் கழியின் அக்கலக்கம் ஒழிந்துபோம். ஒழிந்தது மனத்தின் ஈரமோ, அன்றி வெறுங் கூச்சமோ? இவ்வினா மருத்துவர்க்கே யன்றி, அருளறம் பேசுவார் யாவர்க்கும் உரியதாம்.

பிரெஞ்சு நாட்டு இசைப்புலவர் எக்டர் பெர்லியோஸ் என்பார், மருத்துவராகிய தந்தையாரின் விருப்பப்படி, 1821-ஆம் ஆண்டில் மருத்துவம் பயிலப் பாரிஸ் நகர் சென்றார். அப்போது அவர்க்குப் பதினெட்டாண்டு நிரம்பவில்லை. உடலறுக்குங் கூடத்திற் கண்டதைத் தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் ஒளியாது எழுதியுள்ளார். சிதறிய உறுப்புக்களும், நுரையீரலின் துணுக்குகளுக்காகப் பூசலிடுஞ் சிட்டுக்குருவிகளும், மூலையில் முள்ளெலும்பைக் கறிக்கும் எலிகளும் கண்ணிற் பட்டவுடன், பலகணி வழியே குதித்து வீட்டிற்கு ஓடினார். மருத்துவனாவதினும் சாதலே நன்றென்றுந் துணிந்தார். மீண்டும் அக்கூடத்திற்குச் சென்றபோதோ நடுக்கம் சிறிதும் இல்லை. பிளந்துகிடந்த ஓர் ஏழையின் மார்பிற் கையிட்டு, நுரையீரலைக் குருவிகட்கு இரையாக்கினார். தோளெலும்பொன்றை எலிக்கு வீசினார். உயிர்கட்கு உணவளிக்கும் இறைவன் கருணையைக் கூறும் செய்யுளடிகளைத் தோழரும் அவரும் நகைமொழியாக்கிச் சிரித்தனர்.

ஓடியவரும் சிரித்தவரும் ஒருவரே. முதனாள் நடுக்கம் இரக்கமாயிருப்பின் அத்துணை விரைவில் எள்ளலாக மாறியிராது. அது தம் கண்ணும் மூக்கும் பட்ட துன்பமே. கிடந்தவன் யாவன், அவனை அடக்கஞ் செய்ய ஒருவரும் இலராயது யாதுபற்றி என்று அவர் வினவினாரெனத் தோன்றவில்லை. இதனால் அருவருப்பு நீங்குதலே கொடுமையென்று கொள்ளற்க. சார்ல்ஸ் டார்வின் 1825 முதல் 1827 வரை எடின்பரோ நகரில் மருத்துவம் பயின்றபோது, உடலறுத்தலை அருவருத்து விலகினார். அதிற் பழகும்படி தம்மை எவரேனும் வற்புறுத்தியிருப்பின் அருவருப்பு விரைவில் அகன்றிருக்கும் என்றும், அப்பயிற்சி இன்மை தமக்குப் பெருங்கேடாயிற்று என்றும் முதுமையில் வருந்தினார்.

உடம்பின் இழிவை எண்ணுதல் பற்றறுத்தற்கு ஏதுவென்பர் பெரியோர். அவ்வெண்ணம் தன்னுடம்பின்மேற் செல்லவேண்டுவது. பிறனுடம்பை இகழ உரிமை தருவதன்று. அதுவும் யாருடம்பு? இங்கிலாந்தில் 1832-இல் இயற்றிய சட்டம், கேட்பாரற்ற பிணங்களை உடலறுப்போர்க்கு உதவியது. கேட்பாரற்றோர் என்பார் பெரும்பாலும் ஏழைகளே. இசைவு தாராதவன் உடம்பிற் கற்ற கல்விக்கு அவன்பாற் கடன் இல்லையெனல் எங்ஙனம் பொருந்தும்?

சயாம் என முன்னர் வழங்கிய தாய்லாந்து நாட்டில், பலர் தம் உடம்பைத் தாமே மருத்துவக் கல்விக்கு ஈந்து செல்கின்றனர். மாணாக்கர் அவ்வுடம்பைப் பிணமென்னாது ‘ஆசான் யாய்’, அஃதாவது பேராசான், என்று அழைக்கின்றனர். ‘ஆசான்’ என அங்கு வழங்குஞ் சொல் ஆசாரியன் என்னும் வடசொல்லின் திரிபாம். கற்கத் தொடங்குமுன் மலரிட்டு வணங்குவர். நாட்பட அவர்தங் கையும் பழகி, நடுக்கமின்றியே அறுக்கும். கல்வி முடிந்தபின் நிகழும் எரியூட்டுஞ் சடங்கில், இறந்தார் சுற்றத்தாரோடு அம்மாணாக்கரும் உடன் நிற்பர்.